ஒரே இன்புட் கம்போனென்ட், வெப்புக்கும் மொபைலுக்கும்: சரிபார்ப்பு எங்கே இருக்க வேண்டும்?

கூட்டுறவுக்கோடு:

வணக்கம். ஒரு கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்துக்கு உறுப்பினர் சேர்க்கைச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறோம். அலுவலகத்தில் உட்கார்ந்து பதிபவர்களுக்கு ரியாக்ட்டில் (திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வெப். வீடு வீடாகப் போய்ப் பதிபவர்களுக்கு அதன் மொபைல் வடிவமான ரியாக்ட் நேட்டிவில் செயலி. படிவம் பெரியது: பெயர், தந்தை பெயர், கைபேசி எண், ஆதார், பான், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி, பின்கோடு, கடை வைத்திருந்தால் ஜிஎஸ்டி எண்.

இப்போது எல்லாத் திரைக்கும் பொதுவாக "ஆப்இன்புட்" என்று ஓர் உள்ளீட்டுக் கம்போனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படும் திரைப் பகுதி) இருக்கிறது. வகை பான் என்று கொடுத்தால் பான் விதியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆதார் என்றால் ஆதார் விதி. திரைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் ஒரு விதிவிலக்கு கேட்கிறது. ஒன்றில் பான் கட்டாயம், இன்னொன்றில் விருப்பம். ஒன்றில் தட்டும்போதே பிழை காட்ட வேண்டும், இன்னொன்றில் சமர்ப்பிக்கும்போதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராப் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு) ஏறிக்கொண்டே போகிறது. வெப்பில் செய்த திருத்தம் மொபைலுக்குப் போய்ச் சேர்வதில்லை.

குழுவில் இரண்டு கருத்து. பான்இன்புட், ஆதார்இன்புட் என்று தனித்தனியாக உடைத்துவிடலாம் என்பது ஒன்று. இன்புட்டிலிருந்து சரிபார்ப்பை முழுக்க வெளியே எடுத்துவிடலாம் என்பது மற்றொன்று. செய்து பார்த்தவர்கள் எந்தப் பக்கம், ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

முகப்புநெசவு:

வெளியே எடுங்கள். பான்இன்புட்டும் வேண்டும்தான், ஆனால் அது கடைசியில் போர்த்தும் மெல்லிய உறை. அதற்கு முன்னால் பிரிக்க வேண்டியவை இருக்கின்றன.

ஒரு புலத்துக்குள் நான்கு வேலைகள் கலந்து கிடக்கின்றன. பெட்டி என்பது லேபிள், உதவிக்குறிப்பு, பிழை வரி, ஃபோகஸ், எந்த கீபோர்டு திறக்க வேண்டும் என்பது. வடிவம் என்பது தட்டியதைச் சுத்தம் செய்வதும் இடைவெளி விட்டுக் காட்டுவதும். விதி என்பது இந்த மதிப்பு சரியா என்ற கேள்வி. நேரம் என்பது பிழையை எப்போது காட்டுவது. உங்கள் ஆப்இன்புட் நான்கையும் சேர்த்துச் சுமக்கிறது. கட்டாயமா விருப்பமா என்பது அந்தந்தப் படிவத்தின் முடிவு. எப்போது காட்டுவது என்பது செயலி முழுவதற்கும் ஒரே முடிவு. இரண்டையும் பெட்டியிடம் கேட்டால் பிராப் பெருகத்தான் செய்யும்.

விதிகளை யூஐ வாசனையே இல்லாத சாதாரண ஃபங்ஷன்களாக ஒரு தனிப் பேக்கேஜில் வையுங்கள். ரியாக்ட்டை இம்போர்ட் செய்யும் ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. உள்ளே போவது ஒரு ஸ்ட்ரிங். வெளியே வருவது ஒன்றுமில்லை, அல்லது ஒரு பிழைக் குறியீடு. செய்தி வாக்கியத்தை அங்கே எழுதாதீர்கள். "பான்_வடிவம்_தவறு" என்ற குறியீடு போதும். அதைத் தமிழில் காட்டுவதா ஆங்கிலத்திலா என்று திரை பார்த்துக்கொள்ளும்.

உங்கள் புலங்களுக்கு எழுத வேண்டியவை பெரும்பாலும் தெளிவானவை. பான் 10 இடம்: ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. நான்காவது எழுத்து வைத்திருப்பவரின் வகை. தனிநபருக்கு பி, கம்பெனிக்கு சி, டிரஸ்ட்டுக்கு டி. ஆதார் 12 இலக்கம், 0 அல்லது 1-இல் தொடங்காது, கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்டது. நெதர்லாந்துக் கணிதவியலர் யாகோபஸ் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஏதாவது ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். ஒருவர் வாசலில் நின்றுகொண்டு, காது கேட்டுக் கை தட்டும் இடத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது. நெட்வொர்க்கும் தேவையில்லை. இலக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடும் செயலிகள் இதை வீணடிக்கின்றன.

ஐஎஃப்எஸ்சி 11 இடம். முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளை. அந்த ஐந்தாவது இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டுபவர்கள் நிறைய. அங்கே வேறெதுவும் வர முடியாது என்பதால் பிழை காட்டாமல் நீங்களே பூஜ்யமாக மாற்றிவிடலாம். இது வடிவத்தின் வேலை, விதியின் வேலை அல்ல. பின்கோடு 6 இலக்கம், பூஜ்யத்தில் தொடங்காது. கைபேசி 10 இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும்.

ஜிஎஸ்டி எண்தான் சுவாரசியமானது. 15 இடம்: முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33), அடுத்த பத்து அப்படியே பான், பிறகு பதிவு வரிசை, பெரும்பாலும் இசட், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. பான் அதற்குள்ளேயே இருப்பதால், உறுப்பினர் தந்த பானும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இந்தக் கேள்வியை எந்தப் பெட்டியிடம் கேட்பீர்கள்? எந்தப் பெட்டிக்கும் மற்றதைத் தெரியாது. அதனால்தான் விதிகள் படிவ ஸ்கீமாவில் (படிவம் முழுவதன் விதிகளையும் ஓரிடத்தில் சொல்லும் விவரிப்பு) சேர வேண்டும் என்கிறேன். அதற்கான நூலகங்களில் ஸாட், யப், வாலிபாட் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒரே ஸ்கீமா வெப்பிலும் மொபைலிலும் ஓடும், சர்வரும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடில் இருந்தால் அங்கும் ஓடும்.

பெட்டியை மட்டும் இரண்டாக எழுதுங்கள், வெப்புக்கு ஒன்று, நேட்டிவுக்கு ஒன்று. பிராப் பெயர்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்: பெயர், லேபிள், உதவி, பிழை, மதிப்பு, மாற்றம், விலகல். ரியாக்ட் ஹுக் ஃபார்ம் என்ற படிவ நூலகத்தைப் பயன்படுத்தினால், புலத்தைப் படிவத்தோடு இணைக்க வெப்பில் ரெஜிஸ்டர் போதும் என்று தோன்றும், ஆனால் ரியாக்ட் நேட்டிவில் கன்ட்ரோலர் அல்லது யூஸ்கன்ட்ரோலர்தான் வழி. இரண்டிலும் யூஸ்கன்ட்ரோலர் என்று வைத்துக்கொண்டால் கோடு ஒன்றுபோல இருக்கும்.

அலைபேசிப்பணி:

நான் ஃப்ளட்டரில் (டார்ட் மொழியில் செயலி எழுதும் ஃப்ரேம்வொர்க்) வேலை செய்கிறேன், அங்கே கதை கொஞ்சம் வேறு. டெக்ஸ்ட்ஃபார்ம்ஃபீல்டு என்ற உள்ளீட்டுப் புலம் தன்னோடு ஒரு வேலிடேட்டரை (சரிபார்க்கும் ஃபங்ஷன்) எடுத்துக்கொள்ளும். சரி என்றால் நல், தவறென்றால் காட்ட வேண்டிய ஸ்ட்ரிங். மேலே இருக்கும் ஃபார்ம் விட்ஜெட் எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் சோதிக்கும். அதாவது புலத்தோடு விதியைச் சேர்த்து வைப்பதுதான் அங்கே இயல்பான வழி. அதை எதிர்த்துக்கொண்டு ஸ்கீமா கொண்டுவந்தால் ஃப்ரேம்வொர்க்கோடு சண்டைபோடுவது போலாகிவிடும்.

ஆனால் முகப்புநெசவு சொன்ன பிரிவினை இங்கேயும் பொருந்துகிறது. வேலிடேட்டர் ஃபங்ஷன்கள் தனி டார்ட் பேக்கேஜில், விட்ஜெட் வேறு இடத்தில். விட்ஜெட் எழுதும் இடத்தில் ஒரு வரி மட்டும் இரண்டையும் கோக்கும். அப்புறம் இரண்டு எச்சரிக்கை. வேலிடேட்டர் உடனடியாகப் பதில் சொல்ல வேண்டும், ஃப்யூச்சர் (பிறகு வரப்போகும் பதில்) தர முடியாது. அதனால் சர்வரைக் கேட்டுத்தான் தெரியும் பிழைகளை ஃபோர்ஸ்எர்ரர்டெக்ஸ்ட் வழியாகத் தனியே கொடுக்க வேண்டும். புலத்தின் உரையை வைத்திருக்கும் டெக்ஸ்ட்எடிட்டிங்கன்ட்ரோலரைப் பொதுக் கம்போனென்ட்டே உருவாக்கினால், வேலை முடிந்ததும் டிஸ்போஸ் செய்வதும் (விடுவிப்பதும்) அதன் பொறுப்பு. வெளியிலிருந்து வந்ததென்றால் தொடக் கூடாது. இதைப் பிரிக்காத பொது விட்ஜெட்டுகள், திரை மூடித் திறக்கும்போது செயலியைச் சாய்த்துவிடும்.

வேலிடேஷன் நேரம் பற்றி ஒன்று கேட்கிறேன். எப்போது சோதிப்பது என்று சொல்லும் ஆட்டோவேலிடேட்மோடில் ஆன்யூசர்இன்டரேக்ஷன் போட்டால் முதல் எழுத்து தட்டியதுமே சிவப்பு வருகிறது. ஆன்அன்ஃபோகஸ் (புலத்தை விட்டு விலகும்போது) போட்டால், திருத்திக்கொண்டிருக்கும்போது பழைய பிழை அப்படியே நிற்கிறது. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

முகப்புநெசவு:

முதல் முறை விலகும்போது காட்டுவது. ஒருமுறை காட்டிய பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் மறுபடி பார்த்து, சரியானதும் உடனே எடுத்துவிடுவது. ரியாக்ட் ஹுக் ஃபார்மில் மோடு ஆன்டச்டு என்று வைத்தால் இதுதான் நடக்கும். மாற்றாவிட்டால் மோடு ஆன்சப்மிட். அதாவது சமர்ப்பிக்கும்வரை மௌனம். ஃப்ளட்டரில் புலம்தோறும் "ஏற்கெனவே பிழை காட்டினோமா" என்ற ஒரு நிலையை வைத்துக்கொண்டு மோடை மாற்றலாம்.

வெப்பில் சிஎஸ்எஸ் மட்டும் வைத்து நிறம் மாற்றுபவர்களுக்கு: இன்வாலிட் என்ற சூடோ கிளாஸ் (புலத்தின் நிலையைப் பார்த்துப் பொருந்தும் சிஎஸ்எஸ் குறி) பக்கம் திறந்த உடனேயே பொருந்தும், காலியான கட்டாயப் புலங்கள் எல்லாம் சிவந்துவிடும். 2023 முதல் எல்லா முக்கிய பிரவுசர்களிலும் இருக்கும் யூசர்-இன்வாலிட் பயனர் தொட்ட பிறகுதான் பொருந்தும். அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, உலாவியே காட்டும் பிழைக் குமிழி. அதன் மொழி பிரவுசரின் மொழி, உங்கள் செயலியின் மொழி அல்ல. முழுத் தமிழ்ப் படிவத்தின் நடுவே ஆங்கிலத்தில் ஒரு குமிழி வந்து நிற்கும். ஃபார்மில் நோவேலிடேட் போட்டுவிட்டு, ரிக்வயர்டு போன்ற அட்ரிபியூட்டுகளை அப்படியே வைத்திருங்கள். அவை ஸ்கிரீன் ரீடருக்கு (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) தேவை.

சமர்ப்பி_முடக்கு:

எங்கள் குழுவில் எல்லாம் சரியாகும்வரை சமர்ப்பி பட்டனை முடக்கி வைக்கிறோம். பயனர் தவறான படிவத்தை அனுப்பவே முடியாது. நேரம் பற்றிய இந்தக் கேள்வியே பாதி போய்விடும். இதில் என்ன குறை?

தொடுதிரைக்குரல்:

குறை என்னவென்று நான் சொல்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. ஸ்கிரீன் ரீடராகக் கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக். முடக்கிய பட்டனுக்கு வந்து நின்றால் "கிடைக்கவில்லை" என்று மட்டும் கேட்கிறது. எந்தப் புலம், என்ன தவறு, எதுவும் தெரியாது. நான் மறுபடி முதல் புலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். டேப் வரிசையிலிருந்தே அந்தப் பட்டன் காணாமல் போனால், படிவத்துக்கு முடிவு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. பட்டனைத் திறந்தே வையுங்கள். அழுத்தினால் முதல் தவறான புலத்துக்கு ஃபோகஸ் போகட்டும். எனக்கு வேண்டியது அது.

பொது இன்புட் எழுதுபவர்கள் ஒரு தடவை சரியாக எழுதினால் நூறு திரை சரியாகிவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேபிளை பிளேஸ்ஹோல்டரில் வைக்காதீர்கள். தட்ட ஆரம்பித்ததும் அது போய்விடுகிறது. பார்வை உள்ளவர்களுக்கும், நடுவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பி வந்தால் எந்தப் புலம் என்று தெரியாது. கம்போனென்ட்டில் லேபிள் பிராப்பைக் கட்டாயமாக்குங்கள். டைப்ஸ்கிரிப்ட்டில் அது இல்லாமல் பில்டே ஆகக் கூடாது.

பிழை வரி திரையில் பெட்டிக்குக் கீழே இருப்பது எனக்கு உதவாது. பெட்டியோடு அது இணைந்திருக்க வேண்டும். வெப்பில் ஏரியா-டிஸ்கிரைப்டு-பை என்ற அட்ரிபியூட் வழியாக உதவிக்குறிப்பையும் பிழை வரியையும் இணைத்து, தவறானபோது ஏரியா-இன்வாலிட் சேருங்கள். ஐடி மோதாமலிருக்க ரியாக்ட் 18-இல் வந்த யூஸ்ஐடி இருக்கிறது. ரியாக்ட் நேட்டிவில் இந்த இணைப்பு தானாக வராது. அக்சஸிபிலிட்டிலேபிளில் லேபிளோடு பிழையையும் சேர்த்துக் கொடுங்கள். சமர்ப்பிக்கும்போது அனௌன்ஸ்ஃபார்அக்சஸிபிலிட்டி வழியாக எத்தனை புலம் சரியில்லை என்று ஒருமுறை சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் அறிவிக்காதீர்கள். நான் தட்டுவதன் மேலேயே அந்தக் குரல் ஏறிப் பேசும்.

சிவப்பு ஓரம் மட்டும் போதாது, வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையும் "தவறான உள்ளீடு" என்று இருக்கக் கூடாது. "ஆதாரில் 12 இலக்கம் இருக்க வேண்டும், 11 தான் இருக்கிறது" என்றால் எனக்கு உடனே புரியும். டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல்தன்மை வழிகாட்டியில் பிழையை அடையாளம் காட்டுவது ஏ நிலை, திருத்த வழி சொல்வது ஏஏ நிலை. அந்த ஆவணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

சமர்ப்பி_முடக்கு:

நன்றி. டேப் வரிசை விஷயம் எனக்குப் புதிது. பட்டனைத் திறந்து வைத்து, முதல் பிழைக்கு ஃபோகஸ் கொண்டுபோகும் வழிக்கு மாற்றும்படி குழுவில் பேசுகிறேன். ஒரே சந்தேகம்: இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு பதிவு போகாதா?

பின்கதவு:

அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகள் மட்டும் அடுத்த அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள். அதோடு ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் ஒரு தனி அடையாளத்தை அனுப்பினால், அதே அடையாளம் மறுபடி வரும்போது சர்வர் இரண்டாவது பதிவு போடாது. போனில் சிக்னல் போய்ப் போய் வரும் ஊர்களில் இது இல்லாமல் முடியாது. சர்வர் பக்கம் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மெய்யெழுத்து:

எல்லோரும் பான், ஆதார் பற்றிப் பேசுகிறீர்கள். அவற்றுக்கு அரசு வகுத்த வடிவம் இருக்கிறது, அதனால் அவை சுலபம். அதிகம் தவறு நடக்கும் புலம் பெயர்.

நம் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரு பெயர், அதற்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து. சிலர் தாயின் பெயரெழுத்தையும் சேர்க்கிறார்கள். "முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம்" என்று ஒரு பொதுக் கம்போனென்ட் கேட்டால், அங்கே ஒருவர் அப்பாவின் பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், மற்றொருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே மறுபடி எழுதுவார். ஒரே ஆளுக்கு நான்கு ஆவணத்தில் நான்கு பெயர் சேர்வது இப்படித்தான். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால், பலருக்கு அங்கே கடைசிப் பெயராக இருப்பது அப்பா பெயர். பானின் ஐந்தாவது எழுத்து அந்தக் கடைசிப் பெயரின் முதலெழுத்து. அதை உறுப்பினர் தந்த பெயரோடு ஒப்பிட்டு நிராகரிக்கும் கோடு எழுதாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டாலும் பான் எண் மாறாது. அப்போதும் அந்த எழுத்து பொருந்தாது.

பெயருக்கு ஒரே புலம் வையுங்கள்: "முழுப்பெயர், ஆதாரில் உள்ளபடி". ஓர் எழுத்து மட்டும் இருந்தாலும், புள்ளி இருந்தாலும், இடைவெளி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தாள் வங்கிக்குப் போக வேண்டும், அங்கே இரண்டாகக் கேட்கிறார்கள் என்றால், அந்த ஒரு இடத்தில் மட்டும் பயனரிடமே எப்படிப் பிரிப்பது என்று கேளுங்கள். இடைவெளியைப் பார்த்து நீங்களே பிரிக்காதீர்கள்.

அப்புறம் தமிழில் தட்டுபவர்கள். பெயரில் "எழுத்து மட்டும்" என்று ரெஜெக்ஸ் (எந்தெந்த எழுத்து வரலாம் என்று சொல்லும் வடிவ விதி) எழுதுகிறீர்கள். ஆங்கில ஏ முதல் இசட் வரை என்றால் தமிழே போகாது என்பது தெரிந்ததுதான். யூனிகோடின் "எழுத்து" வகையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. "குமார்" என்பதில் க, ம, ர மூன்றும்தான் அந்த வகை. உகரக் குறி, துணைக்கால், புள்ளி மூன்றும் "மார்க்" என்ற வேறு வகை. மார்க் வகையையும் சேர்த்தால்தான் குமார் உள்ளே வருவார்.

நீளமும் அப்படியே. "மீனாட்சிசுந்தரம்" நமக்கு ஒன்பது எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 16 என்று சொல்லும். 15-இல் வெட்டும் கோடு இருந்தால் கடைசிப் புள்ளி மட்டும் விழுந்து "மீனாட்சிசுந்தரம" என்று பதிவாகும். பிழை எதுவும் வராது. பாஸ்புக் அச்சாகி வந்த பிறகு அவர் படியேறி வர வேண்டியிருக்கும். உச்சவரம்பு அவசியமென்றால் தாராளமாக வையுங்கள். எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டில் செக்மென்டர் 9 என்று சரியாகச் சொல்லும். மொபைலில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் அது இருக்கிறதா என்று முதலிலேயே சோதியுங்கள்.

"கொ" எழுத இரண்டு வழி உண்டு: ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரண்டாக வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடலில் "கொற்றவை" கிடைக்க மாட்டார். சேமிக்கும் முன் எப்போதும் நார்மலைஸ் செய்து என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவுக்குக் கொண்டுவாருங்கள். இது பெயர் வடிவத்துக்கான ஃபங்ஷனில் ஒரே வரி.

கடைசியாக ஒன்று. தமிழ் கீபோர்டில் ஒரு எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது நடுவில் மதிப்பை மாற்றினால் தட்டியது கலைந்துவிடும், சில போன்களில் எழுத்து இரட்டிக்கும். ஒவ்வொரு கீஸ்ட்ரோக்குக்கும் டிரிம் செய்வது, பெரிய எழுத்தாக்குவது எதையும் பெயர்ப் புலத்தில் செய்யாதீர்கள். விலகும்போது செய்யுங்கள். வெப்பில் எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று இஸ்கம்போஸிங் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

யாழ்_நிரலர்:

மெய்யெழுத்து சொன்னது எங்களுக்கும் அப்படியே. நாங்கள் இங்கே இலங்கையில் மூன்று மொழியில் படிவம் செய்கிறோம், பிழைக் குறியீட்டை வாக்கியத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது அதற்காகத்தான். முகப்புநெசவு அண்ணா சொன்ன விதிப் பேக்கேஜில் ஒன்றைக் கவனியுங்கள்: நாடு என்பது விதிக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. எங்கள் தேசிய அடையாள அட்டை பழையது 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வருவது 12 இலக்கம். இரண்டும் இன்னும் பாவனையில் இருக்கு. "12 இலக்கம் என்றால் ஆதார்" என்று ஊகிக்கும் கோடு எங்களிடம் வந்தால் வெர்ஹோஃப் சோதனையில் நல்ல அட்டைகளில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும்.

கைத்தொலைபேசி இலக்கமும் அப்படி. உள்ளூரில் 0-உடன் 10 இலக்கம் எழுதுவோம். +94 சேர்த்தால் அந்த 0 போய்விடும். மின்னஞ்சலுக்கு, கடைசிப் பகுதி இரண்டு முதல் நான்கு ஆங்கில எழுத்து என்ற பழைய ரெஜெக்ஸைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றும் உண்மையாகவே உள்ள களப்பெயர் முடிவுகள். ஒரு @ இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மடல் அனுப்பி உறுதிசெய்வதுதான் உருப்படியான சோதனை.

பின்கதவு:

சொன்னபடி சர்வர் பக்கம்.

முன்பக்கச் சரிபார்ப்பு பயனருக்கான உதவி. பாதுகாப்பு அங்கே இல்லை. ஏபிஐ-யை (செயலி சர்வரோடு பேசும் வழி) நேரே அழைப்பவர் உங்கள் பெட்டியைப் பார்க்கவே மாட்டார். ஆகவே அதே விதிகள் சர்வரிலும் ஓட வேண்டும், சுத்தம் செய்வதும் உட்பட. வெப்பில் ஆதாரின் இடைவெளியை நீக்கி, மொபைலில் நீக்காமல் அனுப்பினால் ஒரே உறுப்பினர் இரண்டு பேராகிவிடுவார். சர்வர் எது வந்தாலும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு சோதிக்கட்டும்.

பிழையைத் திருப்பி அனுப்பும் வடிவை ஆரம்பத்திலேயே பேசி முடிவுசெய்யுங்கள். நாங்கள் 422 நிலையோடு (வந்த தரவு சரியில்லை என்னும் சர்வர் பதில்), எந்தப் புலம், என்ன குறியீடு என்ற பட்டியலை அனுப்புகிறோம். வெளியுறை, ஆர்எஃப்சி 9457 என்ற இணையத் தரநிலை வகுத்த பிராப்ளம் டீடெய்ல்ஸ். முன்பக்கம் அதை வாங்கி ரியாக்ட் ஹுக் ஃபார்மின் செட்எர்ரர் வழியாக அந்தந்தப் புலத்தில் வைத்துவிடும். "ஏதோ தவறு நடந்தது" என்ற டோஸ்ட் மட்டும் காட்டி மறையும் படிவங்கள் பயனருக்குச் செய்யும் அநியாயம் பெரியது. வீட்டு வாசலில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டும்.

வங்கிக் கணக்கு எண், ஆதார், பின்கோடு எல்லாம் ஸ்ட்ரிங். நம்பராக மாற்றினால் கணக்கு எண்ணின் முன்பூஜ்யங்கள் போகும், நீளமானவற்றில் கடைசி இலக்கங்களே மாறிப்போகும். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். 1,00,000 என்று கமா போட்டுக் காட்டுவது திரையின் வேலை.

ஆதாரை உண்மையிலேயே சேமிக்க வேண்டுமா என்று சங்கத்திடம் ஒருமுறை கேளுங்கள். திரையில் காட்டும்போது கடைசி நான்கு இலக்கம் போதும். லாகிலும், பிழை அறிக்கைச் சேவைக்குப் போகும் தகவலிலும் புல மதிப்புகள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொது இன்புட்டில் "ரகசியம்" என்று ஒரு குறி வைத்தால் இதை ஓரிடத்தில் அடைத்துவிடலாம்.

கூட்டுறவுக்கோடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விதிப் பேக்கேஜ் தனி, ஸ்கீமா படிவத்தில், பெட்டி இரண்டு, நேரம் ஒரே இடத்தில் என்று குழு முடிவெடுத்துவிட்டது. முடக்கிய பட்டனை நாங்களும் எடுக்கிறோம். முதலில் பெயர்ப் புலத்தை எழுதுகிறோம், அதுதான் எங்கள் ஆப்இன்புட்டில் மிக மோசமாக இருக்கிறது.

மூன்று கேள்விகள் மிச்சம். ஆதாரை நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும்போது நடுவில் திருத்தினால் கர்சர் கடைசிக்கு ஓடுகிறது. ஓடிபி-க்கு ஆறு தனிப் பெட்டி வேண்டும் என்று டிசைனர் கேட்கிறார். ஐபோனில் எண் கீபோர்டில் அடுத்த புலத்துக்குப் போகும் பொத்தானே இல்லை.

அலைபேசிப்பணி:

முதலாவது: தட்டும்போது பிரிக்காதீர்கள். இடைவெளியோடு தட்டினாலும் இல்லாமல் தட்டினாலும் ஏற்றுக்கொண்டு, விலகும்போது நான்கு நான்காகக் காட்டுங்கள். கர்சர் பிரச்சினையே எழாது. இதோடு சேர்த்து ஒன்று பாருங்கள். மேக்ஸ்லெங்த் 12 வைத்திருந்தால், இடைவெளியோடு காப்பி செய்த ஆதார் 14 இடம் என்பதால் பேஸ்ட் செய்யும்போது கடைசி இரண்டு இலக்கம் வெட்டுப்படும். கைபேசி எண்ணிலும் +91 உடன் ஆட்டோஃபில் வந்தால் அதே கதி. வெப்பில் ஆட்டோகம்ப்ளீட் டெல்-நேஷனல் என்று கொடுத்தால் நாட்டுக் குறியீடு இல்லாமல் கேட்கலாம். இந்தப் புலங்களில் மேக்ஸ்லெங்தை எடுத்துவிட்டு, சுத்தம் செய்த பிறகு எண்ணுங்கள்.

டைப் நம்பரும் வேண்டாம். மவுஸ் சக்கரம் உருட்டினால் மதிப்பு மாறும், ஈ எழுத்தை ஏற்கும். டைப் டெக்ஸ்ட், இன்புட்மோடு நியூமரிக் போதும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி புலத்தைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். பெட்டியின் அடிப்படை ஸ்டைலிலேயே அதை அடைத்துவிடுங்கள். பானுக்கு ஆட்டோகேபிடலைஸ் கேரக்டர்ஸ், ஆட்டோகரெக்ட் அணைத்தது.

ஓடிபி: ஒரே இன்புட். டிசைனருக்கு ஆறு கட்டம் வேண்டுமென்றால் ஒரே இன்புட்டின் பின்னால் ஆறு கட்டம் வரைந்து காட்டுங்கள். தனித்தனி இன்புட் என்றால் பேஸ்ட் உடையும், பேக்ஸ்பேஸ் உடையும், எஸ்எம்எஸ்ஸிலிருந்து தானாக நிரப்புவது உடையும். வெப்பில் ஆட்டோகம்ப்ளீட் ஒன்-டைம்-கோட். ரியாக்ட் நேட்டிவில் ஐஓஎஸ்ஸுக்கு டெக்ஸ்ட்கன்டென்ட்டைப் ஒன்டைம்கோட், ஆண்ட்ராய்டுக்கு ஆட்டோகம்ப்ளீட் எஸ்எம்எஸ்-ஓடிபி.

தொடுதிரைக்குரல்:

ஆறு பெட்டி வைத்தால் எனக்கு ஆறு முறை "எடிட் பாக்ஸ்" என்று கேட்கும், எது எத்தனையாவது என்று தெரியாது. ஒரே பெட்டிக்கு என் ஓட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசைனரிடம் இதையும் சொல்லுங்கள்.

அலைபேசிப்பணி:

மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டேன். ஐபோனின் எண் பலகையில் ரிட்டர்ன் கீயே கிடையாது, அதனால் ரிட்டர்ன்கீடைப் நெக்ஸ்ட் என்று கொடுத்தாலும் பயனில்லை. இன்புட்அக்சசரிவியூ வைத்துக் கீபோர்டுக்கு மேலே "அடுத்தது", "முடிந்தது" என்று ஒரு பட்டை போடுங்கள். அடுத்த புலம் எது என்பது படிவத்துக்குத்தான் தெரியும், ஆகவே பெட்டி "அடுத்ததுக்குப் போ" என்று கேட்க மட்டும் செய்யட்டும். இடையில் மறைந்திருக்கும் புலத்தைப் படிவம் தாண்டிவிடும். கடை இல்லை என்று சொன்னவருக்கு ஜிஎஸ்டி புலம் வராதல்லவா, அது போல. அப்படி மறைந்த புலத்தின் பழைய மதிப்பை ஸ்கீமாவுக்கு அனுப்பும் முன் காலி செய்துவிடுங்கள். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத புலத்தில் பிழை இருந்து படிவம் போகாமல் நிற்கும், பயனருக்குக் காரணமே தெரியாது.